பங்கு வாங்கியவன் பங்காளி

  



சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து உட்கார்ந்திருந்தேன். நம் மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் வந்தார். மெக்கானிக்கல் என்ஜினியரிங் படித்தவர். கையில் இருந்த செல்போனை என்னிடம் காட்டினார்.

“ஹஜ்ரத், இந்தக் கம்பெனி ஷேர் வாங்கலாம்னு இருக்கேன். பம்பும் வால்வும் செய்யுற கம்பெனி. சாராயம் இல்லை, சினிமா இல்லை, பேங்க் இல்லை. ஆப்ல பார்த்தேன், ஹலால்னு பச்சை விளக்கு காட்டுது. வாங்கலாம்தானே?”

பொருளைத் தேடுவதற்கு முன்னால் அது ஹலாலா என்று கேட்க ஒரு இளைஞருக்குத் தோன்றுகிறதே, அதற்காக முதலில் அல்லாஹ்வைப் புகழ்ந்தேன். “இன்ஷா அல்லாஹ், பார்த்துச் சொல்கிறேன்” என்றேன். பார்க்கப் பார்க்க, அந்தக் கேள்வி அவருக்கு மட்டும் உரியதல்ல, நம் எல்லோருக்கும் உரியது என்று பட்டது. அதனால்தான் இன்று இந்த மிம்பரில் அதை எடுத்துக்கொண்டேன்.

எந்தக் கம்பெனியின் பெயரையும் நான் இங்கே சொல்லப் போவதில்லை. எதை வாங்கலாம், எதை விற்கலாம் என்று சொல்வதும் என் வேலையல்ல. பங்கு வாங்குகிறவன் எந்த நிலையில் நிற்கிறான், மறுமையில் அவனிடம் என்ன கேட்கப்படும் என்பதுதான் நாம் இன்று பேச வேண்டியது.

இரும்பும் உழைப்பும்

குர்ஆனில் ஒரு சூராவின் பெயரே அல்ஹதீத், இரும்பு. அதன் 25ஆம் வசனத்தில் இரும்பைப் பற்றி அல்லாஹ் இரண்டு விஷயங்களைச் சொல்கிறான். அதில் கடுமையான வலிமையும் இருக்கிறது, மனிதர்களுக்குப் பல பயன்களும் இருக்கின்றன. தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கிக் கொடுக்கப்பட்டது என்றும், கவசத்தின் கண்ணிகளை அளவோடு செய்யும்படி அவர்களுக்குக் கட்டளையிடப்பட்டது என்றும் ஸபஃ சூரா சொல்கிறது. அரசராக இருந்தும் தம் கை உழைப்பில் சாப்பிட்டவர் அவர் என்று நபி (ஸல்) அவர்கள் பாராட்டிய செய்தி புகாரியில் இருக்கிறது.

ஆகவே இரும்பை உருக்கி, கடைந்து, மக்களுக்குப் பயன்படும் இயந்திரமாக ஆக்குவது கண்ணியமான தொழில். நம் கோவைக்கு இதை விளக்கவே தேவையில்லை. பம்ப், மோட்டார், வார்ப்பு, நூற்பாலை இயந்திரம், வெட் கிரைண்டர் என்று இந்த ஊரின் சோறே இரும்பிலிருந்துதான் வருகிறது. இப்படிப்பட்ட தொழிலில் நம் பணத்தைப் போட்டு அதன் லாபத்தில் பங்கு பெறுவது அடிப்படையில் ஆகுமானதுதான். அதில் குழப்பம் இல்லை.

பங்கு என்றால் என்ன?

குழப்பம் அடுத்த இடத்தில்தான் இருக்கிறது. ஒரு ஷேர் வாங்கினால் நாம் எதை வாங்குகிறோம்?

கடன் கொடுத்துவிட்டு அதற்கு மேல் ஒரு தொகை வாங்கினால் அது வட்டி. வெறும் விலை ஏறுமா இறங்குமா என்று பணம் கட்டினால் அது சூதாட்டம். அப்படியானால் ஷேரில் வரும் லாபம் எப்படி ஹலாலாகிறது? அதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். ஷேர் வாங்கியவர் அந்தக் கம்பெனியின் பங்காளி. அதன் ஷெட்டில், லேத்தில், கிடங்கில் உள்ள இரும்பில் அவருக்கும் ஒரு சிறு பாகம் சொந்தம். லாபம் வந்தால் அவருக்கும் உண்டு, நஷ்டம் வந்தால் அவருக்கும் உண்டு. கம்பெனியை நடத்தும் டைரக்டர்கள் அவர் சார்பில் செயல்படும் வக்கீல்கள், அதாவது பிரதிநிதிகள். பங்கு வாங்குவதை ஆகுமாக்கிய உலமாக்கள் இந்த அடிப்படையில்தான் ஆகுமாக்கியிருக்கிறார்கள்.

அரபிக் கல்லூரியில் ஹிதாயா கிதாபில் ஷிர்கத் பாடம் ஓதியபோது உஸ்தாத் ஒரு மஸ்அலாவை எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இரண்டு தையல்காரர்கள் கூட்டுச் சேருகிறார்கள். ஒருவர் ஒரு துணியைத் தைக்க ஏற்றுக்கொள்கிறார். துணி கொடுத்தவர், அதை ஏற்றவரிடம் மட்டுமல்ல, மற்றவரிடமும் போய் “தைத்துக் கொடு” என்று கேட்கலாம். “நான் வாங்கவில்லையே, அவரிடம் போய்க் கேளுங்கள்” என்று அவர் தட்டிக் கழிக்க முடியாது. கூலியில் பங்கு வாங்குகிறவர் பொறுப்பிலும் பங்கு வாங்குகிறார்.

இன்றைய கம்பெனிச் சட்டம் வேறு மாதிரி. சட்டப்படி கம்பெனி ஒரு தனி ஆள். கம்பெனியின் கடனுக்கு நம் வீட்டு வாசலில் யாரும் வந்து நிற்க முடியாது. நாம் போட்ட பணத்தோடு நம் பொறுப்பு முடிகிறது. உலக வழக்கில் அது சரி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சகோதரர்களே, லாபத்தை வாங்கும்போது “நான் பங்காளி, அதனால் இது ஹலால்” என்று சொல்லிவிட்டு, கம்பெனி யாருக்காவது அநியாயம் செய்யும்போது “அது தனி ஆள், எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை” என்று அல்லாஹ்விடம் சொல்ல முடியுமா?

பச்சை விளக்குக்குப் பின்னால்

அந்த ஆப் பச்சை விளக்கை எப்படிக் காட்டுகிறது என்று பார்ப்போம். இன்று பெரும்பாலும் எல்லாக் கம்பெனிகளும் பேங்கில் வட்டிக்குக் கடன் வாங்குகின்றன. என்ஜினியரிங் கம்பெனிக்கு இது இன்னும் அதிகம். இயந்திரம் விலை உயர்ந்தது. ஆர்டர் எடுத்து, செய்து கொடுத்து, பணம் வந்து சேர மாதக் கணக்கில் ஆகும். இப்படிப்பட்ட கம்பெனியில் முஸ்லிம் பங்கு வாங்கலாமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது.

1992ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, அடிப்படைத் தொழில் ஹலாலாக இருந்தாலும் வட்டி போன்ற ஹராமான கொடுக்கல் வாங்கலில் சில நேரம் ஈடுபடும் கம்பெனியில் பங்கு சேருவது, அடிப்படையில் ஹராம் என்றே முடிவு செய்தது. பஹ்ரைனில் இயங்கும் அயோஃபி என்ற தரநிர்ணய அமைப்பு, தவிர்க்க முடியாத நிலையைக் கருதி, தனது 21ஆம் தரவிதியில் நிபந்தனைகளோடு அனுமதித்தது. தொழில் ஹலாலாக இருக்க வேண்டும். வட்டிக் கடன் கம்பெனியின் சந்தை மதிப்பில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வட்டிக்குப் போட்டு வைத்த பணமும் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஹராமான வருமானம் மொத்த வருமானத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அப்படி வந்த பகுதியையும் கணக்குப் பார்த்து, நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். கம்பெனியின் வருமானத்தில் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி வழியாக வந்திருந்தால், உங்களுக்கு வந்த 1000 ரூபாய் டிவிடெண்டில் 20 ரூபாய் உங்களுடையதல்ல.

முஃப்தி தகீ உஸ்மானி அவர்கள் இன்னொரு நிபந்தனையையும் வலியுறுத்துகிறார்கள். பங்குதாரர் வட்டிக்கு எதிரான தம் மறுப்பை, கம்பெனியின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தெரிவிக்க வேண்டும். அதாவது வாயை மூடிக்கொண்டு லாபத்தை மட்டும் வாங்கக் கூடாது.

என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் மட்டும் போதாது, யாருக்குச் செய்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். ஒரு பம்ப் வயலுக்கும் போகும், சாராய ஆலைக்கும் போகும். மது தயாரிப்பவருக்குத் திராட்சை விற்பது பற்றி ஃபிக்ஹ் கிதாபுகளில் பேசப்படுகிறது. வாங்குபவர் அதை மதுவாகத்தான் ஆக்குவார் என்று தெரிந்தே விற்பது ஷாஃபிஈ மத்ஹபில் ஹராம். ஹனஃபியில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், மது தயாரிப்பவருக்குத் திராட்சைச் சாறு விற்பதை அனுமதித்தார்கள். அவர்களின் இரு மாணவர்கள் வெறுத்தார்கள். பொதுவான பயன்பாட்டுக்குரிய பம்ப் செய்யும் கம்பெனி ஒரு வகை, சாராய ஆலைகளுக்கென்றே இயந்திரம் செய்யும் கம்பெனி வேறு வகை.

இவ்வளவையும் கடந்து ஒரு கம்பெனி பச்சை விளக்கு வாங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். விஷயம் முடிந்துவிட்டதா? நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், லேத் பாய் என்னிடம் வந்து உட்காரும் வரை.

ஒரே ஸஃப்பில் இருவர்

அவர் நம் ஜமாஅத்காரர்தான். சின்னப் பட்டறை, இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், நான்கு வேலையாட்கள். பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கிறார். வார்ப்பாக வரும் இரும்பைக் கடைந்து, அளவு பார்த்து அனுப்புவார். பிள்ளைக்குத் துஆ செய்யச் சொல்லி வந்தவர், பேச்சுவாக்கில் சொன்னார்.

“அஞ்சு மாசமா பில் வரலை ஹஜ்ரத். கேட்டா அடுத்த வாரம்னு சொல்றாங்க. ரொம்ப அழுத்திக் கேட்டா அடுத்த ஆர்டர் வேற பட்டறைக்குப் போயிடும். பசங்களுக்குச் சனிக்கிழமை கூலி கொடுத்தே ஆகணும். வீட்டுக்காரி வளையலை அடகு வச்சுத்தான் கொடுத்தேன். வட்டின்னு தெரியும் ஹஜ்ரத். வேற வழி தெரியலை.”

எந்தக் கம்பெனி என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வட்டி சேரக் கூடாது என்பதற்காகப் பச்சை விளக்கைப் பார்த்துப் பங்கு வாங்க வந்த இளைஞரும், வட்டிக்கு வளையலை அடகு வைத்த லேத் பாயும் ஜும்ஆவில் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறார்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். ஒரு கம்பெனிக்குப் பணம் தேவைப்படுகிறது. பேங்கில் வாங்கினால் வட்டிக் கடன், கணக்கில் ஏறும். லேத் பாய்க்குக் கொடுக்க வேண்டியதை ஐந்து மாதம் நிறுத்தி வைத்தால், அதுவும் கடன்தான், ஆனால் வட்டி இல்லாத கடன். நம் ஆப் அதை எண்ணுவதில்லை. அந்தக் கம்பெனியின் வட்டிக் கடன் 30 சதவீதத்துக்குள் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கம்பெனி வட்டியிலிருந்து தப்பித்தது, அந்த வட்டி லேத் பாயின் வீட்டுக்குள் போனது. நம் கையில் இருக்கும் பச்சை விளக்கு அவர் மனைவியின் வளையலில் எரிகிறதா என்று யார் பார்ப்பது?

கொடுக்க வசதி உள்ளவன் இழுத்தடிப்பது அநியாயம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. முழுதாக வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் சொன்னதாகவும் புகாரியில் ஒரு ஹதீஸ் இருக்கிறது.

கப்பாப் இப்னுல் அரத் (ரலி) அவர்களை நினைத்துப் பாருங்கள். மக்காவில் கொல்லராக இருந்தவர்கள். ஆஸ் இப்னு வாயில் என்ற பணக்காரன் அவர்களிடம் வேலை வாங்கினான். கூலி கேட்கப் போனபோது, முஹம்மதை மறுத்தால்தான் தருவேன் என்றான். நீ செத்து எழுப்பப்படும் வரை அது நடக்காது என்றார்கள் கப்பாப். அப்படியானால் நான் எழுப்பப்பட்ட பிறகு, அங்கேயும் எனக்குச் செல்வமும் பிள்ளைகளும் இருக்கும், அப்போது தருகிறேன் என்று கேலி செய்தான். மர்யம் சூராவின் 77ஆம் வசனத்திலிருந்து சில வசனங்கள் அவனைப் பற்றி இறங்கின. இரும்பு வேலை செய்தவருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி குர்ஆன் இறங்கக் காரணமாயிற்று. அது சின்ன விஷயமாக இருந்திருந்தால் இப்படி நடந்திருக்குமா?

“பத்து ஷேர் வச்சிருக்கிற நான் என்ன செய்ய முடியும்?”

நியாயமான கேள்வி. ஒருவர் பாவத்தை மற்றவர் சுமக்க மாட்டார் என்பது குர்ஆன் பல இடங்களில் நமக்குக் கற்பிக்கும் பாடம். கம்பெனி மேனேஜர் பில்லை நிறுத்தி வைத்ததற்காகப் பத்து ஷேர் வைத்திருப்பவரை நான் பாவி என்று சொல்ல மாட்டேன். இப்படிப்பட்ட கம்பெனியில் பங்கு வாங்குவது ஹராம் என்று புதிதாக ஒரு ஃபத்வாவும் கொடுக்க மாட்டேன்.

ஆனால் நமக்குத் தெரியாததற்கும், தெரிந்துகொள்ள முடிந்தும் பார்க்காமல் விட்டதற்கும் வித்தியாசம் உண்டு. பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகள் ஆண்டறிக்கை வெளியிடுகின்றன. அதில் ‘ட்ரேட் பேயபிள்ஸ்’ என்று ஒரு பகுதி இருக்கும். குறு, சிறு தொழில்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி தனியாகவும், அது எத்தனை காலமாக நிற்கிறது என்றும் அங்கே காட்ட வேண்டும். குறு, சிறு தொழில்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுத்துவிட வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. குறித்த காலத்தில் கொடுக்காவிட்டால், அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் அதைச் செலவாகக் கழிக்க முடியாது என்ற விதியும் 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நாட்டின் சட்டமே லேத் பாய்க்காக இவ்வளவு தூரம் வந்திருக்கும்போது, ஷரீஅத்தைப் பேசும் நாம் அதைவிடப் பின்னால் நிற்கலாமா?

பங்குதாரருக்கு ஓட்டு உண்டு. இன்று வீட்டில் இருந்தபடியே ஆன்லைனில் ஓட்டுப் போடலாம். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்கலாம். வட்டியைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று உலமாக்கள் சொல்லியிருக்கும்போது, பாக்கியைப் பற்றியும் கேட்கலாமே. பதில் வருமா வராதா என்பது வேறு. நம்மால் முடிந்ததைச் செய்தோமா என்பதுதான் நம்மிடம் கேட்கப்படும். ஒரு கம்பெனி ஆண்டுக்கு ஆண்டு சிறிய பட்டறைகளின் பணத்தை நிறுத்தி வைத்துத்தான் லாபம் காட்டுகிறது என்று தெளிவாகத் தெரிந்தால், ஃபத்வா அனுமதித்தாலும் தக்வா என்ன சொல்கிறது என்று உங்கள் உள்ளத்தைக் கேளுங்கள்.

வாங்கும் முறை

பங்காளி என்ற வார்த்தைக்குப் பொருள் இருக்க வேண்டுமானால் வாங்கும் முறையும் சரியாக இருக்க வேண்டும். காலையில் வாங்கி மாலையில் விற்கிறவர் எதற்குப் பங்காளி? கைவசம் வராத பொருளை விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். நம் நாட்டில் வாங்கிய பங்கு அடுத்த வேலை நாளில்தான் டீமேட் கணக்குக்கு வருகிறது. அதற்கு முன் விற்பதை விட்டு விலகி இருப்பதே பேணுதல். பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கமே போக வேண்டாம். அங்கே பம்பும் இல்லை, பட்டறையும் இல்லை, விலை மீது வைக்கும் பந்தயம்தான் இருக்கிறது. 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வு, மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாகச் சொல்கிறது. கடன் வாங்கியோ, பிள்ளைகளின் படிப்புக்கு வைத்த பணத்தை எடுத்தோ ஷேர் வாங்காதீர்கள். என்ஜினியரிங் தொழில் ஏற்ற இறக்கம் உள்ளது. ஆர்டர் குறைந்தால் விலை விழும். அதைத் தாங்க முடிந்தவர்தான் பங்காளியாக இருக்க முடியும்.

ஜகாத்தையும் மறக்காதீர்கள். விற்று லாபம் பார்க்கும் நோக்கத்தில் வைத்திருந்தால் அன்றைய சந்தை விலை முழுவதற்கும் இரண்டரை சதவீதம். வருட லாபத்துக்காக நீண்ட காலம் வைத்திருந்தால், லேத்துக்கும் கட்டடத்துக்கும் ஜகாத் இல்லை. ரொக்கம், கிடங்கில் உள்ள இரும்பு, விற்பனைச் சரக்கு, வர வேண்டிய பாக்கி ஆகியவற்றில் உங்கள் பாகத்துக்கு உண்டு. கணக்குப் போடத் தெரியாவிட்டால் உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் பக்கம் திரும்பிப் பார்ப்போம்

பெரிய கம்பெனிகளைப் பேசிவிட்டு நாம் எழுந்து போய்விடக் கூடாது. இந்த ஸஃப்பில் கடை வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள், வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறீர்கள். பெயின்டருக்கும் தச்சருக்கும் எத்தனை வாரப் பாக்கி? “பெருநாள் கழிச்சு வா” என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்? நமக்குப் பாக்கி வைத்த கம்பெனியைத் திட்டும் வாயால், நம் வேலையாளை நாளை வரச் சொல்கிறோமே.

இன்னொரு வழியும் இருக்கிறது. ஷேர் வாங்க லட்சக் கணக்கில் பணம் வைத்திருக்கும் சகோதரர்கள் சேர்ந்து, லேத் பாய் போன்ற ஒருவருக்கு ஒரு மெஷின் வாங்கிக் கொடுத்து, லாப நஷ்டத்தில் முஷாரகா முறையில் எழுதிக்கொள்ளலாம். கணக்கைத் தெளிவாக எழுதுங்கள். கடனை எழுதிவைக்கச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே நீளமான வசனம். நபித்துவத்துக்கு முன் நபி (ஸல்) அவர்களோடு வியாபாரத்தில் கூட்டாக இருந்த ஸாயிப் (ரலி) அவர்கள், மக்கா வெற்றியின்போது, நீங்கள் எவ்வளவு நல்ல கூட்டாளி, ஏமாற்றியதும் இல்லை, சண்டையிட்டதும் இல்லை என்ற கருத்தில் சாட்சி சொன்னார்கள். நம் கூட்டாளிகள் நம்மைப் பற்றி அப்படிச் சொல்வார்களா?

அந்த இளைஞர் சென்ற வாரம் மீண்டும் வந்தார். நான் சொன்னபடி ஆண்டறிக்கையைத் திறந்து பார்த்திருக்கிறார். 45 நாள் தாண்டிய பாக்கி இருப்பது தெரிந்ததாம். இன்னும் வாங்கவில்லை. “கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கேன் ஹஜ்ரத். பதில் வரட்டும், பார்க்கலாம்” என்றார். முன்பு அவர் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தார், இப்போது பங்காளியைப் போலக் கேள்வி கேட்கிறார்.

இரு கூட்டாளிகளில் ஒருவர் மற்றவருக்குத் துரோகம் செய்யாத வரை அவர்களோடு மூன்றாவதாகத் தானும் இருப்பதாக அல்லாஹ் சொன்ன செய்தி அபூதாவூதில் இருக்கிறது. நம் முதலீட்டில் அல்லாஹ் நம்மோடு இருக்க வேண்டுமானால், அந்த லாபத்துக்காக யாருடைய கூலியும் காத்துக் கிடக்கக் கூடாது.

யா அல்லாஹ்! எங்களுக்கு ஹலாலான ரிஸ்கைத் தாராளமாகத் தருவாயாக. பிறர் உரிமை கலந்த பணத்தை எங்கள் பிள்ளைகளின் வயிற்றில் சேர்க்காமல் காப்பாயாக. கடனில் சிக்கியவர்களின் கடனைத் தீர்த்து வைப்பாயாக. வட்டியின் வாசலில் நிற்கும் எங்கள் சகோதரர்களை மீட்க எங்களையே காரணமாக ஆக்குவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.